மரம் நிற்கும் இடத்துக்கே வரும் ரம்பம்: நடமாடும் மர அறுவை இயந்திரம் பற்றி ஓர் எளிய விளக்கம்

காய்ப்பு குறைந்த பழைய மாந்தோப்பை அழித்துவிட்டு வேறு பயிர் வைக்கலாம் என்று முடிவெடுக்கும் கிருஷ்ணகிரி விவசாயி முதலில் கூப்பிடுவது மர வியாபாரியைத்தான். அவர் வந்து தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கண் மதிப்பில் மொத்தமாக ஒரு விலை சொல்வார். பேரம் படிந்தால் ஆட்கள் வந்து மரங்களைச் சாய்த்து, அடிமரம், கிளை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். கிளைகள் விறகாகச் செங்கல் சூளைக்குப் போகும். நேரான அடிமரங்கள் தனியாகப் பிரிந்து மரவாடிக்குப் போய்ப் பலகையாகும். விறகின் விலைக்கும் பலகையின் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் விவசாயிக்குப் பங்கு கிடைப்பதில்லை. தன் தோப்பில் எத்தனை கன அடி பலகை நின்றுகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாததே அதற்கு முதல் காரணம்.

வியாபாரியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. லாரி வாடகை, ஆட்கூலி, உள்ளே பொந்து விழுந்த மரம் வந்துவிட்டால் ஏற்படும் நட்டம் எல்லாம் அவர் தலையில்தான். ஆனால் தன் மரத்தின் மதிப்பைத் தெரிந்துகொண்டு விற்பதற்கும் தெரியாமல் விற்பதற்கும் வேறுபாடு உண்டு. நடமாடும் மர அறுவை இயந்திரத்தைப் பற்றி நம் பகுதி விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான். இயந்திரத்தை வாங்குவது அடுத்த கதை. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டாலே மரத்தைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளின் வேளாண் கண்காட்சிகளில் இந்த இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவது வழக்கம். டிராக்டர் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையைப் போட்டு, கூட்டத்தின் முன்னால் அறுத்துப் பலகையை அடுக்குவார்கள். நம் பக்கத்தில் மர வேலை இயந்திரங்களைக் காண வேண்டுமானால் பெங்களூரில் நடக்கும் இந்தியாவுட் கண்காட்சிக்குப் போகலாம். ஓசூரிலிருந்து அதிகத் தொலைவு இல்லை. ஆனால் இது விவசாயியின் கண்ணில் படவேண்டிய இயந்திரம். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியில் பழங்களை அழகாக அடுக்கி வைக்கிறார்கள். வயதாகிப் போன மாமரத்தை என்ன செய்வது என்பதற்கும் அங்கே ஓர் இடம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

மர வாடிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு

ஊரில் உள்ள மர அறுவை மில்லைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்தாக ஓடும் பெரிய நாடா ரம்பம், தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டி, அதன்மேல் கட்டை. ரம்பம் நின்ற இடத்தில் நிற்கும். கட்டைதான் நகர்ந்து வந்து அறுபடும். கட்டையை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் செலவு.

நடமாடும் இயந்திரத்தில் இது தலைகீழ். கட்டை அசையாமல் படுத்திருக்கும். ரம்பம் அதன்மேல் நகர்ந்து போகும். நெல் வயலுக்கே வந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் கதிர் அறுக்கும் இயந்திரத்தைப் போல, இதையும் ஜீப்பின் பின்னாலோ டிராக்டரின் பின்னாலோ இழுத்து வந்து தோப்பிலேயே நிறுத்தலாம்.

இதனால் மிச்சமாவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள ஒரு பச்சைக் கட்டை ஏறத்தாழ 350 கிலோ எடை இருக்கும். அதைத் தூக்கி லாரியில் ஏற்ற கிரேனோ பல ஆட்களோ வேண்டும். அதே கட்டையைத் தோப்பிலேயே அறுத்துவிட்டால் ஒவ்வொரு பலகையையும் இருவர் எளிதாகத் தூக்கிவிடலாம். பட்டையும் ஓரத்துண்டும் மரத்தூளும் நிலத்திலேயே தங்கிவிடும். அவற்றைச் சுமந்து போகும் லாரி வாடகை மிச்சம். பென்னாகரம், அஞ்செட்டி, சித்தேரி போன்ற மேட்டுப்பாங்கான இடங்களில், வண்டி கடைசி வரை போக முடியாத நிலங்களுக்கு இது பெரிய விஷயம்.

மூன்று வகை

முதல் வகை நாடா ரம்பம். இரண்டு சக்கரங்களில் மாட்டிய, முனைகள் இணைக்கப்பட்ட நீண்ட எஃகு நாடா கிடைமட்டமாகச் சுற்றும். நாடாவின் அகலம் பொதுவாக 32 முதல் 38 மில்லிமீட்டர். கனம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெட்ரோல், டீசல், மின்மோட்டார் எதில் வேண்டுமானாலும் ஓடும். இந்த வகையை உலகெங்கும் பரவலாக்கிய நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 1982-ல் தொடங்கிய வுட்மைசர்.

இரண்டாவது வகையில் வட்ட ரம்பம் ஒன்று கிடைமட்டமாக ஒருமுறை போய், அங்கேயே 90 பாகை திரும்பிச் செங்குத்தாக மறுமுறை வரும். இரண்டு வெட்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சட்டமோ பலகையோ செவ்வகமாகக் கழன்று வந்துவிடும். கட்டையை உருட்ட வேண்டியதில்லை. தரையில் கிடக்கும் கட்டையைச் சுற்றி இயந்திரத்தின் சட்டகத்தைப் பூட்டிவிட்டால் போதும். உருட்டவே முடியாத பெரிய கட்டைகளுக்கு இது பொருத்தம். ஆஸ்திரேலியாவின் லூகாஸ் மில், நியூசிலாந்தின் பீட்டர்சன் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. ரம்பத்தின் ஆரத்துக்கு மேல் ஆழமாக வெட்ட முடியாது என்பதால், அகன்ற ஒற்றைப் பலகை இதில் நேரடியாகக் கிடைப்பதில்லை.

மூன்றாவது வகை கையில் பிடிக்கும் செயின் ரம்பத்தை ஒரு இரும்புச் சட்டகத்தில் பொருத்தி, கட்டையின் மேல் நெடுக்காகத் தள்ளிக்கொண்டு போவது. செலவு குறைவு, தலையில் தூக்கிக்கொண்டு மலையேறலாம், மேசைக்கு ஏற்ற அகன்ற பலகை எடுக்கலாம். ஆனால் வேலை மெதுவாக நடக்கும், உடம்பு நோகும், மரத்தூள் மலைபோல் குவியும்.

ரம்பம் தின்னும் மரம்

மரத்தூளைப் பற்றிச் சொன்னதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் ஒரு கோடு அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கித் தள்ளுகிறது. நாடா ரம்பம் தின்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். மேலே சொன்ன வட்ட ரம்பம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். செயின் ரம்பம் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை.

பார்க்கச் சின்ன எண்கள். 300 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு சதுரக் கட்டையை 25 மில்லிமீட்டர் பலகைகளாக அறுப்பதாக வைத்துக்கொள்வோம். நாடா ரம்பத்தில் 11 பலகை வரும்: பலகைகளுக்கு 275, நடுவில் 10 வெட்டுக்கு 20, ஆக 295. வட்ட ரம்பத்தில் 10 பலகை: 250, 9 வெட்டுக்கு 45, அதுவும் 295. செயின் ரம்பத்தில் வெட்டுக்கு 9 மில்லிமீட்டர் என்று வைத்தால் 9 பலகைதான்: 225, 8 வெட்டுக்கு 72, ஆக 297. ஒரே கட்டை, நாடா ரம்பத்துக்கும் செயின் ரம்பத்துக்கும் இரண்டு பலகை வேறுபாடு. முந்நூறு மில்லிமீட்டர் சதுரம் கிடைக்க ஏறத்தாழ நாலரை அடி சுற்றளவுள்ள மரம் வேண்டும். அத்தகைய மரம் வளர எத்தனை ஆண்டு ஆனது என்று நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டு பலகையின் அருமை தெரியும்.

மெல்லிய நாடாவுக்கு விலையாகக் கொடுப்பது ஒன்று உண்டு. அது சீக்கிரம் மழுங்கும், எளிதில் நெளியும். கடின மரத்தில் சில மணி நேரத்திலேயே கழற்றிச் சாணை பிடிக்க வேண்டியிருக்கும். பற்கள் இடம், வலம் என்று மாறி மாறிச் சற்றே வளைக்கப்பட்டிருக்கும்; அந்த வளைவு தேய்ந்துவிட்டால் நாடா மரத்துக்குள் சிக்கிச் சூடேறும். அறுத்த பலகையின் மேல் அலை அலையாகத் தெரிந்தால், நாடா மழுங்கியிருக்கிறது, அல்லது இழுவிசை போதவில்லை, அல்லது ஓட்டுபவர் அவசரப்படுகிறார் என்று பொருள். பிசின் ஒட்டாமலிருக்க நாடாவின் மேல் தண்ணீர் சொட்டவிடுவார்கள்.

செயல்முறை விளக்கத்தில் எதைக் கவனிப்பது

கூட்டத்தின் முன்னால் அறுக்கப் போடும் கட்டை பெரும்பாலும் தேர்ந்தெடுத்த கட்டையாக இருக்கும்: நேரானது, முடிச்சில்லாதது, பச்சையானது, ரம்பத்துக்கு இணங்கிப் போவது. அதில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் அறுக்கும். முதல் பலகை கழன்று விழும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். நீங்கள் அதற்கு முன்னால் நடந்ததையும் அதற்குப் பின்னால் நடப்பதையும் பாருங்கள்.

முன்னால் நடந்தது என்றால், கட்டையை மேடையில் ஏற்றியது யார் என்பது. இயந்திரத்தின் ஹைட்ராலிக் கை ஒன்று தூக்கி வைத்ததா, நான்கு பேர் கடப்பாரையால் உருட்டி ஏற்றினார்களா? விலை குறைந்த இயந்திரங்களில் இந்த உருட்டும் வேலை முழுக்க மனித உழைப்புதான். ஒரு நாளில் எத்தனை கட்டை அறுக்கலாம் என்பதை முடிவு செய்வது ரம்பத்தின் வேகத்தைவிட இதுதான். தரை சமமாக இல்லாவிட்டால் ரம்பம் நகரும் தண்டவாளம் முறுக்கிக்கொள்ளும், பலகை ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் வரும். இயந்திரத்தைக் கொண்டுவந்து மட்டம் பார்த்து நிறுத்த எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேளுங்கள்.

அறுக்கும் முறையையும் பார்க்க வேண்டும். முதலில் ஒரு பக்கத்தின் பட்டையைச் சீவித் தட்டையாக்குவார்கள். கட்டையைப் பாதி திருப்பியோ கால் பாகம் திருப்பியோ அடுத்த பக்கத்தைச் சீவுவார்கள். இப்படி நான்கு பக்கமும் திறந்து சதுரமான பின்புதான் பலகைகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நடுவில் ஏன் திருப்புகிறார்கள்? மரம் வளரும்போதே உள்ளே இழுவிசை சேர்ந்திருக்கும். ஒரே பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே போனால் ஒரு பக்க இழுவிசை மட்டும் அவிழ்ந்து, மீதமுள்ள கட்டை வில்லாக வளையும். தைல மரத்தில் இதை அப்பட்டமாகக் காணலாம். ரம்பம் கடந்து போன கையோடு பலகை வாழைமட்டையாய் எழும்பி நிற்கும். திருப்பித் திருப்பி அறுத்தால் இரு பக்கமும் சமமாக அவிழும். நடு மையம் உள்ள பலகை கட்டாயம் வெடிக்கும். தேர்ந்த ஆள் அந்த மையத்தை ஒரு தடித்த சட்டத்துக்குள் அடக்கிவிடுவார்.

அறுத்து முடித்த பிறகு ஒரு டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐந்தாவதோ ஆறாவதோ பலகையின் தடிப்பை இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் இயந்திரமும் நல்லது, ஓட்டுபவரும் நல்லவர். அளக்க அனுமதி கேட்டால் நல்ல விற்பனையாளர் மகிழ்ச்சியோடு கொடுப்பார்.

முடிந்தால் உங்கள் ஊர்க் கட்டை ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். ஒரு கவட்டை உள்ள மாங்கட்டை, அல்லது ஒரு புளியங்கட்டை. வேலி ஓரத்து மரமாக இருந்தால் அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முள்கம்பி அடிக்கப் போட்ட ஆணியை மரம் விழுங்கி வளர்ந்திருக்கும். ஒரே ஒரு ஆணி நாடாவின் பற்களைச் சிதைத்துவிடும், நாடா அறுந்து தெறிப்பதும் உண்டு. பார்வையாளர்கள் ரம்பத்தின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது என்று கயிறு கட்டுவது இதற்காகத்தான். ஓட்டுபவருக்குக் காதடைப்பும் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாத செயல்முறை விளக்கத்தை நான் நம்ப மாட்டேன். மாமரத்தின் பாலும் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால், மாவை அறுப்பவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் அவசியம்.

நம் மரங்கள்

மாவிலிருந்தே தொடங்கலாம். போச்சம்பள்ளி, சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் நிற்பவை பெரும்பாலும் ஒட்டு மாமரங்கள். பெங்களூராவோ மல்கோவாவோ, ஒட்டுக்கட்டிய மரம் தாழ்வாகவே கவை பிரிந்துவிடும். ஆகவே நேரான அடிமரம் நாலைந்து அடி நீளத்துக்கு மேல் கிடைப்பது அரிது. விதையிலிருந்து வளர்ந்த நாட்டு மாவில் நெடிய அடிமரம் உண்டு. குட்டைக் கட்டையை மரவாடியில் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் நாற்காலி, முக்காலி, அலமாரித் தட்டு, பேக்கிங் பெட்டி இவற்றுக்கு நான்கடிப் பலகை தாராளம். மாம்பலகையில் செய்த மேசை நாற்காலிகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியும் ஆகின்றன. குறை ஒன்று உண்டு, அது பெரிய குறை: மா சீக்கிரம் உளுத்துவிடும். வெட்டிப் போட்ட கட்டையைக் கிடப்பில் விட்டால் முதலில் கருநீலப் பூஞ்சைக் கறை ஏறும், பின்னாலேயே வண்டு துளைக்கும். மரம் விழுந்த உடனேயே அறுத்துவிட வேண்டிய மரம் இது. அந்த வகையில் தோப்புக்கே வரும் ரம்பத்துக்கும் மாமரத்துக்கும் நல்ல பொருத்தம்.

புளி நேர் எதிர். தருமபுரி மாவட்டத்தில் புளிக்குக் குறைவில்லை. அதன் வைரம் கரும்பழுப்பாக, இரும்புபோல் கடினமாக இருக்கும். செக்கு உலக்கைக்கும் கறிக்கடைக் கட்டைக்கும் அதைத் தேடுவது அதனால்தான். ரம்பத்தின் பல்லை அது பதம் பார்த்துவிடும். மெதுவாக, கூரான நாடாவோடு அறுக்க வேண்டும். ஆனால் பழைய புளியில் பெரும்பாலும் நடுவில் பொந்து இருக்கும், வெளியே தெரியாது. கோடாரியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்து ஓசையைக் கொண்டு கண்டுபிடிப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

வேம்பும் பூவரசும் அறுக்க இணக்கமானவை. வேம்பைக் கரையான் எளிதில் அண்டாது. மலைவேம்பு விரைவாக வளரும் மரம். பிளைவுட் ஆலைகளுக்காகப் பலரும் நட்டிருக்கிறார்கள். சில்வர் ஓக் நேராக வளரும், ரம்பத்துக்கு மென்மையானது. தேக்கைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். தென்னையை மட்டும் நாடா ரம்பத்தில் அறுக்க யோசிக்க வேண்டும்: அதன் வெளிப்பகுதி மிகக் கடினம், உள்பகுதி சோறு. கார்பைடு முனை பொருத்திய வட்ட ரம்பம்தான் அதற்குத் தாங்கும்.

கன அடிக் கணக்கு

மரத்தின் அளவை நம் ஊரில் கன அடியில் சொல்கிறோம். உருண்டைக் கட்டையை அளக்கும் பழைய முறை இது: கட்டையின் நடுப்பகுதியில் நூலைச் சுற்றிச் சுற்றளவை எடுத்து, நான்கால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது. 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் நான்கில் ஒரு பங்கு 1 அடி; 1 × 1 × 10 = 10 கன அடி. எல்லாவற்றையும் அடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் அந்த உருளையில் உள்ள மரம் 10 கன அடி அல்ல, 12.7 கன அடி. இந்தக் கால்சுற்று முறை எப்போதும் உண்மைக் கொள்ளளவில் ஏறத்தாழ 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். அறுக்கும்போது போகும் பட்டைக்கும் ஓரத்துக்குமாகத் தள்ளுபடி செய்தே கணக்கிடும் முறை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் மோசடி எதுவும் இல்லை. குழப்பம் வருவது வேறு இடத்தில். உருண்டை மரத்தில் பாதியிலிருந்து 60 சதவீதம் வரை பலகையாகக் கிடைப்பது பொதுவான நிலை. நம் கட்டையில் 55 சதவீதம் தேறியது என்று வையுங்கள்: 12.7-ல் 55 சதவீதம் 7 கன அடி. அதே 7 கன அடியைக் கால்சுற்றுக் கணக்கான 10-ஓடு ஒப்பிட்டால் 70 சதவீதம் ஆகிவிடுகிறது. கண்காட்சியில் "எங்கள் இயந்திரத்தில் 70 சதவீதம் பலகை கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கொள்ளளவில் 70 என்று கேளுங்கள். இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே கணக்கு இருக்க வேண்டும்.

கூலியிலும் இதே கேள்வி வரும். சிலர் உருண்டைக் கட்டையின் கன அடிக்குக் கூலி கேட்பார்கள், சிலர் வெளிவந்த பலகையின் கன அடிக்கு, சிலர் மணிக் கணக்கில். வளைந்த, குட்டையான மாங்கட்டைகளுக்கு மணிக் கணக்கு விவசாயிக்குக் கட்டாது. வெளிவந்த பலகைக்குக் கூலி பேசுவது நல்லது. பத்து இருபது மரம் உள்ளவர் இயந்திரம் வாங்குவதில் அர்த்தமில்லை. ஒரு ஊரில் ஒருவர் வாங்கி வாடகைக்கு ஓட்டுவதும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று பொதுவில் வைத்துக்கொள்வதும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அறுத்த பிறகு

இந்தப் பகுதியைக் கண்காட்சியில் யாரும் காட்ட மாட்டார்கள், ஏனென்றால் இதில் பார்க்க ஒன்றும் இல்லை. மாதக் கணக்கில் காத்திருப்பதுதான் வேலை. ஆனால் பலகை பணமாவதும் பாழாவதும் இங்கேதான்.

பச்சைப் பலகையில் நீர் இருவிதமாக இருக்கும். மர நரம்புகளின் குழாய்களுக்குள் தளும்பும் நீர் முதலில் போகும். அப்போது எடை குறையுமே தவிர, பலகை சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான், நரம்புகளின் சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கிப் பலகை சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் சுருங்காது: வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. பலகை குழிவதும் முறுக்குவதும் இதனால்தான். கதவு செய்து மாட்டிய ஆறு மாதத்தில் இடைவெளி விழுவது தச்சரின் குற்றம் என்று நினைக்கிறோம். பல நேரம் அது காயாத பலகையின் குற்றம்.

செய்ய வேண்டியது இதுதான். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சமமான மேடை. அதன்மேல் ஒரு வரிசைப் பலகை. அதன்மேல் ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒன்றாக, ஒரே கனமுள்ள ஓரங்குல ரீப்பர் துண்டுகளைக் குறுக்கே வைக்க வேண்டும். மறுபடி பலகை, மறுபடி ரீப்பர். ரீப்பர் துண்டுகள் மேலிருந்து கீழ் வரை ஒன்றன் நேரே ஒன்று இருக்க வேண்டும். விலகினால் அந்த இடத்தில் பலகை தொய்யும். முனைகளில் பெயிண்ட் அடித்துவிட்டால் வெடிப்பு குறையும். அடுக்கின் மேல் கல் ஏற்றி, மேலே தகரம் போட வேண்டும். பக்கங்களை மூடக் கூடாது. காற்று போக வேண்டும், வெயில் படக் கூடாது. நம் மாவட்டங்களின் சித்திரை, வைகாசி வெயிலில் நேராகக் காயவைத்தால் பலகையின் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடித்துவிடும். ஓரங்குலப் பலகை நிழலில் காய நம் தட்பவெப்பத்தில் சில மாதங்கள் ஆகும். இரண்டங்குலச் சட்டத்துக்கு இருமடங்குக்கும் மேல்.

மாம்பலகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அறுத்த ஈரத்தோடேயே போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் முக்கி எடுத்தால் வண்டு அண்டாது. ஈரப் பலகைக்குள் இந்த மருந்து தானாகவே ஊறி உள்ளே போகும். காய்ந்தபின் முக்கினால் மேல்தோலோடு நின்றுவிடும். மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும் என்பதால், இப்படிப் பதப்படுத்திய பலகை வீட்டுக்குள் பயன்படுத்தத்தான்.

அமாவாசையை ஒட்டி வெட்டிய மரம் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வண்டு தேடி வருவது மரத்தின் வெளிப்பகுதியான வெள்ளையில் உள்ள மாவுச்சத்தை. அந்த வெள்ளையைச் சீவி நீக்குவதும், தாமதிக்காமல் அறுப்பதும், நிழலில் காயவைப்பதும்தான் மரத்தைக் காக்கும். நாள் பார்த்து வெட்டுபவர்களும் இவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும்.

சட்டம்

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் ஆபத்தானது. இந்தியாவில் மர அறுவை ஆலை வைப்பது உரிமம் தேவைப்படும் தொழில். நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவும் தொடர்ந்து வந்த உத்தரவுகளும் நாடு முழுவதும் மர ஆலைகளைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-ல் மரம் சார்ந்த தொழில்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சக்கரத்தில் ஓடுகிறது என்பதால் நம் இயந்திரத்துக்கு விதி பொருந்தாது என்று விற்பனையாளர் சொன்னால் அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால், மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தையும், தருமபுரி மாவட்டத்தினர் தங்கள் வட்டத்தைப் பொறுத்துத் தருமபுரி அல்லது அரூர் வனக்கோட்ட அலுவலகத்தையும் அணுக வேண்டும்.

மரத்துக்கும் தனி விதிகள் உண்டு. பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமானாலும் வனத்துறையின் அனுமதியில்லாமல் அதைத் தொடக் கூடாது. ஈட்டி மரத்துக்கு 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள்; அதன் இன்றைய நிலையை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெட்டிய மரத்தை வண்டியில் கொண்டுபோவதற்கு 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து அனுமதி விதிகள் உள்ளன. எந்த மரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வெட்டுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சாலையோரப் புளியும் ஏரிக்கரைக் கருவேலும் நம் நிலத்தை ஒட்டி நின்றாலும் நம்முடையவை அல்ல. புயலில் சாய்ந்து நம் வயலில் விழுந்தாலும் அப்படித்தான்.

சொந்தத் தோப்பு மரத்தை அறுக்கும்போது பட்டா, சிட்டா நகலையும், மரங்களின் சுற்றளவு எழுதிய ஒரு தாளையும், நிற்கும்போது எடுத்த புகைப்படங்களையும் இயந்திரக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அறுபட்ட பலகையைப் பார்த்து அது எந்த நிலத்து மரம் என்று யாராலும் சொல்ல முடியாது. வழியில் நிறுத்திக் கேட்கும் வனக்காவலரிடம் காட்டுவதற்கு அந்தத் தாள்கள்தான் இருக்கும்.